உளி தீட்டும் ஜிக்: கூரில் தெரியும் கோளாறும் அது ஒளிந்திருக்கும் இடமும்

எதிர் வீட்டில் கதவு மாட்ட வந்த ஆசாரி ஒருவர், நான் செய்து வைத்திருந்த ஜிக்கை (உளியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு கல் மேல் சக்கரத்தில் ஓடும் சாதனம்) கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நடைவண்டி மாதிரி இருக்கே தம்பி" என்றார். அவர் கையாலேயே தீட்டுகிறவர். கல்லில் நாலு இழுப்பு, உள்ளங்கையில் ரெண்டு தட்டு, முடிந்தது. எனக்கு அந்தக் கை இல்லை, அதனால்தான் நடைவண்டி. அவர் சிரித்துவிட்டுப் போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஜிக்கைக் கவிழ்த்து, அடிக்கட்டையின் முன் ஓரத்தில் இருந்த கறுப்புத் தேய்மானத்தை விரலால் தடவி, "தகடு உரசுறதுக்கு முன்னாடி கட்டை உரசுது பாருங்க" என்றார். மூன்று வாரமாக என் கையைத்தான் நான் நொந்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. கூர் சரியில்லை என்றால் கூரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதற்கு ஐம்பது மில்லிமீட்டர் பின்னால் பார்ப்பது. ஜிக் தன்னிடம் கொடுத்ததை அப்படியே முனைக்குக் கொண்டுபோகும். கோணலாகப் பூட்டினால் கோணலான முனையை வெகு நேர்த்தியாகத் தரும்.

கீழே சொல்கிற அளவுகள் எல்லாம் என் ஜிக்கை வைத்து என்பதால், முதலில் அது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பழைய ஜன்னல் சட்டத்திலிருந்து அறுத்த தேக்குக் கட்டை: அகலம் 80, முன்பின் நீளம் 50, தடிமன் 25 மி.மீ. அடியில் நடுவில் ஒரு பள்ளம், அதில் 608 பேரிங் மூன்று பக்கம் பக்கமாக. ஸ்கேட்டிங் சக்கரத்தில் வருகிற அதே பேரிங்தான்: வெளிவிட்டம் 22, உள்விட்டம் 8, அகலம் 7 மி.மீ. கடையில் நம்பரைச் சொன்னால் போதும். எம்8 போல்ட் ஒன்று கட்டையின் பக்கவாட்டில் நுழைந்து மூன்றையும் கோர்த்து மறுபக்கம் வெளியே வருகிறது. அந்தப் போல்ட்டின் மையம் கட்டையின் மேல்முகத்திலிருந்து 16 மி.மீ. கீழே, முன்முகத்திலிருந்து 15 மி.மீ. உள்ளே. ஆக, பேரிங் அடியில் 2 மி.மீ. மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். மேலே 20 மி.மீ. தடிமனில் ஒரு பிடிக்கட்டை. இரண்டு எம்6 போல்ட்டும் விங் நட்டும் அதை இறுக்குகின்றன. போல்ட்டுகளுக்கு நடுவே 60 மி.மீ. இடைவெளி இருப்பதால் 50 மி.மீ. இழைப்புளித் தகடு தாராளமாக நுழையும். உளியோ தகடோ, சரிவுப் பக்கம் (முனையில் சாய்வாகத் தேய்த்த முகம்) கீழே, முதுகு (அதற்கு எதிரே உள்ள தட்டையான முகம்) மேலே.

இன்னொன்று, அளவுப் பலகை. ஒரு துண்டுப் பலகையின் ஓரத்தில் ஜிக்கின் முன்முகத்தை முட்டவைத்து, பலகையின் மேல் ஒட்டிய தடுப்பில் தகட்டின் முனை இடிக்கும்வரை நீட்டிப் பூட்ட வேண்டியதுதான். 2 மி.மீ. தடிமனுள்ள இழைப்புளித் தகட்டுக்கு 50 மி.மீ. நீட்டினால் 25 டிகிரி, 38 நீட்டினால் 30 டிகிரி. உளிக்கு வேறு அளவு. ஏன் என்பது பின்னால் வரும்.

எதையும் பார்ப்பதற்கு முன் ஒரு மார்க்கர் எடுங்கள்

சரிவு முழுக்கக் கறுப்பு மார்க்கரால் பூசுங்கள். ஜிக்கில் பூட்டி, நைஸ் கல்லில் ஒரே ஒரு இழுப்பு, அழுத்தாமல். வெளிச்சத்தில் பாருங்கள். மை எங்கே போயிருக்கிறதோ அங்கேதான் கல் தொடுகிறது.

சரிவின் பின்பக்கம் மட்டும் மை போயிருந்தால், நீட்டம் அதிகம், கோணம் குறைவு. முனையை ஒட்டி ஒரு நூல் அகலம் மட்டும் போயிருந்தால் கோணம் கூடியிருக்கிறது. இரண்டாம் சரிவு, அதாவது முனையில் மட்டும் சற்றுக் கூடுதல் கோணத்தில் ஒரு மெல்லிய சரிவு, வைக்கும்போது இதுதான் வேண்டும், மற்ற நேரத்தில் வேண்டாம். ஒரு மூலையில் மட்டும் போயிருந்தால் கோணல். இரண்டு மூலையிலும் போய் நடுவில் நின்றால், ஒன்று கல் குழிந்திருக்கிறது, இல்லை தகட்டின் நடு குழிந்திருக்கிறது.

ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் அரை மணி நேரம் தீட்டுகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன்.

எவ்வளவு தீட்டினாலும் கூர் வரவில்லை

முனையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கூரான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. மழுங்கிய விளிம்பு வெள்ளிக் கம்பி போல மின்னும். மின்னுகிறது என்றால் கல் இன்னும் விளிம்பைத் தொடவே இல்லை. பளபளப்பான சரிவைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று பொருள்.

பெரும்பாலும் காரணம் பிசிறு (தேய்ந்த உலோகம் விளிம்பின் மறுபக்கம் மடிந்து எழும்புவது) வரும் முன்பே அடுத்த கல்லுக்குத் தாவியது. கரட்டுக் கல்லில் தீட்டும்போது முதுகுப் பக்கம் விரல் நுனியை விளிம்பை நோக்கித் தள்ளிப் பாருங்கள் (விளிம்பின் நீளவாக்கில் அல்ல, வெட்டிவிடும்). மெல்லிய பிசிறு ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை விடாமல் தட்டுப்பட வேண்டும். முக்கால்வாசிக்கு வந்துவிட்டது, மீதி நைஸ் கல்லில் வந்துவிடும் என்று நினைத்தால் வராது. கரட்டுக் கல் ஐந்து நிமிடத்தில் செய்வதை நைஸ் கல் ஒரு மணி நேரத்திலும் செய்யாது.

பிசிறு வரவே மறுத்தால் கோணத்தைச் சரிபாருங்கள். கோணமானி வேண்டாம், ஸ்கேல் போதும். சரிவின் அகலத்தை அளந்து, சரிவு முடிகிற இடத்தில் தகட்டின் தடிமனால் வகுங்கள். சரியாக இரண்டு மடங்கு என்றால் 30 டிகிரி. 2.4 மடங்கை ஒட்டி வந்தால் 25. இரண்டு மி.மீ. தகட்டில் 4 மி.மீ. சரிவுக்கும் 4.7 மி.மீ. சரிவுக்கும் உள்ளது, அவ்வளவுதான் வித்தியாசம். பழைய கடையில் வாங்கிய உளியில், முன்பு வைத்திருந்தவர் கையால் தீட்டித் தீட்டி 35 டிகிரிக்கு ஏற்றியிருப்பார். அதை 25-இல் பூட்டினால் கல் சரிவின் பின்பக்கத்தைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கும். முனைக்கு வர நாள் கணக்காகும். கரட்டுக் கல்லிலோ கண்ணாடியில் ஒட்டிய 120 நம்பர் வாட்டர் பேப்பரிலோ முதலில் அந்த உலோகத்தை எடுத்துவிடுங்கள்.

இது எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் ஆசாரி காட்டியதைப் பாருங்கள்: பேரிங் சுற்றுகிறதா, கட்டை உரசுகிறதா? பேரிங் 2 மி.மீ. மட்டுமே வெளியே தெரிகிற ஜிக்கில், கட்டை முன்னால் சாயும்போது அதன் முன் கீழ் மூலை கல்லில் இடிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 25 டிகிரியில் அந்த மூலை கல்லின் மட்டத்துக்கு மூன்றரை மி.மீ. கீழே போக வேண்டியிருந்தது. போக முடியாதல்லவா? அதனால் கட்டை கல்லில் உட்கார்ந்து, பேரிங் அந்தரத்தில் தொங்கியது. முன்முகத்தில் 9 மி.மீ. உயரம், அடிமுகத்தில் 15 மி.மீ. உள்ளே என்று கோடு போட்டு அந்த மூலையை இழைத்து எடுத்தேன். தொல்லை அத்தோடு போயிற்று. நீங்கள் ஜிக் செய்யும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

முனை கோணலாகத் தேய்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்கிற இடம் இது. காரணங்களும் நிறைய, எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: இழைப்புளித் தகடும் கோணலாகிறதா, உளி மட்டுமா?

இரண்டும் ஒரே பக்கம் கோணலானால் குற்றம் ஜிக்கில். எம்8 போல்ட்டுக்குப் போட்ட துளை மேல்முகத்துக்கு இணையாக இல்லை. கையில் பிடித்த டிரில்லால் 80 மி.மீ. நீளத்துக்குத் துளை போட்டால் அந்தப் பக்கம் ஒரு மி.மீ. ஏறியோ இறங்கியோதான் வெளியே வரும். இரண்டு பக்கமிருந்தும் பாதிப்பாதி போடலாம் என்றால் நடுவில் படி விழும். டிரில் ஸ்டாண்டில் போட்டுத் தரும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோவது உத்தமம். ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் கட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். ஜிக்கைக் கண்ணாடி மேல் பேரிங்கில் நிற்கவைத்து, மேல்முகத்தின் இரண்டு ஓரமும் கண்ணாடியிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, உயர்ந்த பக்கத்தை மேல்முகத்தில் சீவிக் குறையுங்கள். துளையை மாற்ற முடியாது, மேல்முகத்தை மாற்றலாம்.

தகடு சரியாக வந்து உளி மட்டும் கோணலானால் குற்றம் உளியில், இன்னும் சரியாகச் சொன்னால் உளி உட்காரும் முகத்தில். உளியின் முதுகுதான் நாம் சமப்படுத்துகிற முகம். ஆனால் என் ஜிக்கில் கட்டையின் மேல் உட்காருவது எதிர்ப்பக்கம், சரிவு இருக்கிற முகம். அந்த முகம் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும் என்று உளி செய்தவர்கள் கவலைப்படுவதில்லை. ஒரு பக்கம் கால் மி.மீ. தடிமன் கூடுதலாக இருக்கும், மேல்வரிசை உளிகளில்கூட. என் 12 மி.மீ. உளியின் இரு ஓரங்களையும் காலிப்பரில் அளந்தபோது ஒரு பக்கம் 3.9, மறு பக்கம் 4.2. இந்த உளி ஜிக்கில் நேராக நிற்கும் என்று எதிர்பார்ப்பது என் தவறுதானே? மெலிந்த ஓரத்துக்கு அடியில் ஒரு துண்டு விசிட்டிங் கார்டு வைத்தேன். எந்த உளிக்கு எந்தப் பக்கம் என்று கைப்பிடியில் பென்சில் புள்ளி வைத்திருக்கிறேன்.

இதற்கு முழுமையான தீர்வு, முதுகு முட்டும் மேல்கட்டையில் பேரிங்கைத் தொங்கவிடுவது. அதற்குப் பக்கவாட்டில் இரும்புப் பட்டை, கூடுதல் துளை எல்லாம் வேண்டும். விசிட்டிங் கார்டில் முடிகிற காரியத்துக்கு அவ்வளவு மெனக்கெட எனக்கு மனமில்லை.

மூன்றாவது, பூட்டும்போது மூலைமட்டத்தை எதில் வைக்கிறீர்கள் என்பது. உளியின் பக்கவாட்டு ஓரத்தில் வைத்தால் ஏமாறுவீர்கள். பல உளிகள் கைப்பிடியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும், இரண்டு ஓரமும் இணையாக இராது. உளியின் நடுவே முதுகில் ஒரு கோடு கீறி, அதை ஜிக்கின் முன்முகத்துக்குச் செங்குத்தாக வையுங்கள்.

நான்காவது, விங் நட். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பிடிக்கட்டை சாய்ந்து, உளியைத் திருப்பிவிடும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று, கால் சுற்றாக.

மெல்லிய கோணல், அரை மி.மீ.க்குள் என்றால், எதையும் மாற்றாதீர்கள். மூன்று பேரிங் சேர்ந்தாலும் 21 மி.மீ. அகலம்தான். அதனால் நீளமாக நிற்கிற மூலை மேல் விரலை வைத்து அழுத்தினால் ஜிக் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும். பத்து இழுப்பில் நேராகிவிடும். கட்டையின் இரண்டு ஓரத்திலும் சக்கரம் வைத்த அகலமான ஜிக்கில் இந்த வசதி இல்லை. அதுவும் 50 மி.மீ. அகலக் கல்லில் அந்தச் சக்கரங்கள் கல்லுக்கு வெளியே போய்விடும்.

சரிவு ஒரே மட்டமாக இல்லை. இரண்டு மூன்று பட்டைகள் தெரிகின்றன

தீட்டும்போதே தகடு நழுவுகிறது. பூட்டியதும் ஜிக்கின் முன்முகத்தை ஒட்டித் தகட்டின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஐம்பது இழுப்புக்குப் பிறகு கோடு அங்கேயே இருக்கிறதா பாருங்கள். ஒரு மி.மீ. நகர்ந்தால் கோணம் அரை டிகிரி மாறும். அரை டிகிரி கேட்கச் சின்னது. கண்ணாடிபோலத் தீட்டிய சரிவில் அது தனிப் பட்டையாகத் தெரியும்.

பிடிக்கட்டை மெல்லியதாக இருந்தால் விங் நட்டை இறுக்க இறுக்க ஓரங்கள் இறங்கி நடு வில்லாக மேலே வளையும். அகலமான தகட்டை ஓரத்தில் பிடித்துக்கொள்ளும், நடுவில் இருக்கிற உளியை விட்டுவிடும். அதற்காகத்தான் 20 மி.மீ. தடிமன். அதோடு, பிடிக்கட்டையின் அடிமுகத்தை இரண்டு ஓரத்திலும் ஒரு சீவல் எடுத்து நடுவைச் சற்றே புடைக்க வையுங்கள். இறுக்கும்போது நடுதான் முதலில் பிடிக்கும். அடியில் பழைய செருப்புத் தோல் ஒரு துண்டு ஒட்டினால் பிறகு நழுவாது. தகட்டில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். இதைச் சொல்லவே வேண்டாம், ஆனால் நானே வாரம் ஒருமுறை மறக்கிறேன்.

கோடு நகரவில்லை, ஆனாலும் சரிவு உருண்டையாகிறது என்றால் போல்ட்டில் பேரிங் ஆடுகிறதா பாருங்கள். சாதாரண எம்8 போல்ட் பெரும்பாலும் 8 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். மரை ஓடும் பகுதி இன்னும் மெலிவு. மரை இல்லாத வழுவழுப்பான தண்டில் பேரிங் உட்காரும்படி, பாதி மட்டும் மரை போட்ட நீளமான போல்ட்டாகப் பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் ஆட்டம் இருந்தால் தண்டில் ஒரு சுற்று செல்லோ டேப் போதும்.

தகட்டுக்குச் சரியாக வரும் அளவுப் பலகை உளிக்குத் தப்பாக வருகிறது

வரத்தான் செய்யும். உளி தடிமனானது. 4 மி.மீ. தடிமனுள்ள உளியை இழைப்புளித் தகட்டின் 50 மி.மீ. தடுப்பில் வைத்துப் பூட்டினால் அதன் முதுகு 2 மி.மீ. உயர்ந்து நிற்கும், கிடைப்பது 25 அல்ல, இருபத்தாறரையை ஒட்டி. 38-இல் வைத்தால் 32. உளிக்குத் தனியாக 54, 42 என்று இரண்டு தடுப்பு ஒட்டிவிடுங்கள். உங்கள் கட்டையின் அளவு வேறாக இருந்தால் எல்லாம் மாறும். ஸ்கேலும் சரிவகல வகுத்தலும் கையில் இருக்கின்றன, இரண்டு முறை தீட்டிப் பார்த்து ஒட்டிக்கொள்ளலாம்.

கடையில் விற்கிற, இரண்டு தாடையால் பக்கவாட்டில் கவ்வும் இரும்பு ஜிக்குக்கும் இதே கதை. அந்த வடிவத்துக்கு மூலம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஜேம்ஸ் நீல் கம்பெனி செய்த எக்லிப்ஸ் 36. அதில் உளி கீழ்ப்பள்ளத்திலும் இழைப்புளித் தகடு மேல் படியிலும் உட்காரும். அதனால் தகட்டுக்கு 50-உம் 38-உம், உளிக்கு 40-உம் 30-உம். என் கட்டையிலும் தகட்டுக்கு அதே 50, 38 வந்தது தற்செயல்தான். நான் வாங்கிய மலிவு நகல் ஒன்றில் தாடைக்குள் பெயின்ட் திட்டுத்திட்டாக உறைந்திருந்தது. உளி ஒருபோதும் நேராக உட்காரவில்லை. முக்கோண அரத்தால் பெயின்டைச் சுரண்டி எடுத்த பிறகு ஒழுங்காக வேலை செய்கிறது.

விளிம்பின் நடு கூர், மூலைகள் மொக்கை. அல்லது விளிம்பே வளைந்திருக்கிறது

கல் குழிந்துவிட்டது. தண்ணீர்க் கல்லில் இது வேகமாக நடக்கும். எண்ணெய்க் கல்லில் மெதுவாக நடக்கும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. வீட்டில் அப்பா காலத்துக் கல்லை எடுத்து மேலே ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் தெரியும். குழிந்த கல்லில் தகட்டின் மூலைகள்தான் முதலில் உரசும், அதிகமாகத் தேயும். கடைசியில் விளிம்பு பிறை போல வளைந்து நிற்கும், அடுத்த சமமான கல்லில் நடு மட்டும்தான் தொடும்.

தடிமனான கண்ணாடி மேல் 220 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டு ஒட்டவையுங்கள். கல் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, பேப்பரில் தேயுங்கள். எல்லாக் கோடும் அழிந்தால் சமம்.

ஜிக் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். பேரிங்கும் கல் மேலேயே ஓடுவதால் 200 மி.மீ. கல்லில் நமக்குக் கிடைப்பது 130 மி.மீ. சொச்சம். தகடு எப்போதும் கல்லின் ஒரு கோடியையே தேய்க்கும். நான் கல்லின் பின்னால் அதே உயரத்துக்கு ஒரு கட்டை வைத்து, பேரிங்கை அதன் மேல் ஓட விடுகிறேன். கல் தேய்ந்து உயரம் குறையும்போது கட்டையையும் ஒரு சீவல் எடுக்க வேண்டும்.

தீட்டியவுடன் ரோமம் மழிக்கிறது, நாலு வெட்டில் மழுங்குகிறது

மூன்று காரணம், மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

பிசிறு போகவில்லை. விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த மெல்லிய தகடுதான் ரோமத்தை மழித்தது. முதல் வெட்டில் அது முறிந்து, அடியில் கரடு முரடான விளிம்பு மிஞ்சுகிறது. நைஸ் கல்லில் முதுகைப் படிய வைத்து நாலைந்து இழுப்பு, மறுபடி சரிவில் ரெண்டு, மறுபடி முதுகில். பிறகு பச்சை பாலிஷ் கட்டி தேய்த்த தோல் பட்டையில், விளிம்பு பின்தங்கும்படி இழுத்தால் மிச்சமும் போகும். முதுகு சமமாக இல்லாவிட்டால் இதில் எதுவும் பலிக்காது. புது உளி வாங்கியவுடன் முனையிலிருந்து 25 மி.மீ. தூரமாவது முதுகைச் சமப்படுத்தி விடுவது ஒருமுறை செய்கிற வேலை. இழைப்புளித் தகட்டுக்கு மட்டும் குறுக்கு வழி உண்டு: கல்லின் ஓரத்தில் அரை மி.மீ. தடிமனுள்ள எஃகு ஸ்கேலை வைத்து, முதுகை அதன் மேல் சாய்த்துத் தீட்டுவது. ஒரு டிகிரிக்கும் குறைவான சாய்வு. விளிம்பு மட்டும் கல்லைத் தொடும். இதைப் பரப்பியவர் டேவிட் சார்ல்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயத் தச்சர். உளியில் இதைச் செய்யாதீர்கள். முதுகு தட்டையாக இருந்தால்தான் உளி மரத்தில் நேராக ஓடும்.

கோணம் போதவில்லை. கொட்டாப்புளியால் அடித்து வேலை செய்கிற உளி 25 டிகிரியில் நிற்காது, வேங்கையிலும் கருவேலத்திலும் விளிம்பு நொறுங்கும். 30-க்கு ஒரு இரண்டாம் சரிவு, அரை மி.மீ. அகலம் போதும். துளை வெட்டும் தடித்த உளிக்கு 35 வரை போகலாம். கையால் தள்ளிச் சீவுகிற உளிக்கு 25 போதும். தேக்கு இதில் ஒரு தனி ரகம்: மென்மையாகத்தான் வெட்டுப்படும், ஆனால் மரத்துக்குள் இருக்கிற சிலிக்கா விளிம்பைத் தின்றுவிடும். அங்கே உங்கள் மேல் குற்றமில்லை, அடிக்கடி தீட்ட வேண்டியதுதான்.

எஃகின் பதம் போய்விட்டது. கிரைண்டரில் பிடித்த உளியா? சரிவில் நீல நிறம் எப்போதாவது வந்ததா? சாதாரணக் கார்பன் எஃகில் வைக்கோல் நிறம் வந்தால் ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸ், நீலம் வந்தால் 300. நீலம் வந்த இடத்தில் எஃகு இளகிவிட்டது. நிறத்தைப் பாலிஷ் போட்டு மறைக்கலாம், பதம் திரும்பாது. நீலம் ஓடிய பகுதி முழுவதையும், தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து, தேய்த்து எடுத்தாக வேண்டும். விரலால் தொட முடியாத அளவு சூடானால் உடனே தோய்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தகடு கூர்தான், இழைப்புளி சீவ மாட்டேன் என்கிறது

சாதாரண இரும்பு இழைப்புளியில் தகடு 45 டிகிரியில் சாய்ந்து, சரிவு கீழே பார்க்க உட்காரும். சரிவு 30 டிகிரி என்றால் விளிம்புக்குப் பின்னால் மரத்துக்கும் சரிவுக்கும் நடுவே 15 டிகிரி இடம் இருக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிக் கூட்டித் தீட்டி 38-க்கு வந்துவிட்டால் மிஞ்சுவது 7. விளிம்பு அழுத்திய மரநார் பின்னால் எழும்பி, சரிவின் அடியில் இடித்துத் தகட்டைத் தூக்கிவிடும். கையில் ரோமம் மழிக்கும், பலகையில் வழுக்கும். திரும்ப 25-க்கு இறக்கி, 30-இல் இரண்டாம் சரிவு வையுங்கள். தகட்டைத் தலைகீழாக மாட்டியிருக்கிறோமா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். சிரிக்காதீர்கள், நடக்கிறது.

சீவுகிறது, ஆனால் பலகையில் நீளநீளமாகத் தடம் விழுகிறது என்றால் அது மூலைகளின் வேலை. நைஸ் கல்லில் தகட்டின் இடது மூலை மேல் விரலை அழுத்திப் பத்து இழுப்பு, வலது மூலையில் பத்து, நடுவில் மூன்று. மூலைகள் தலைமயிர் கனத்துக்கு இறங்கினால் போதும்.

ஜிக் கரகரவென்று ஓடுகிறது

பேரிங்குக்குள் கல்சேறு போய்விட்டது. இரும்பு மூடியுள்ள இசட்இசட் வகையில் இது சீக்கிரம் வரும். இருபக்கமும் ரப்பர் மூடிய 2ஆர்எஸ் வகை வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வேலை முடிந்ததும் ஜிக்கைத் தண்ணீரில் அலசி, துடைத்து, பேரிங்கில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. கரட்டுக் கல்லின் துகள் பேரிங்கில் ஒட்டி நைஸ் கல்லுக்கு வந்தால் கண்ணாடிச் சரிவில் திடீரென்று ஆழமான கீறல் விழும், எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. கல் மாற்றும்போதெல்லாம் ஈரத்துணியால் சக்கரத்தை ஒரு துடைப்பு.

6 மி.மீ. உளி எப்படிச் செய்தாலும் கெட்டுப்போகிறது

ஜிக்கில் குறுகிய உளி ஒரு தொல்லை. கை அழுத்தம் மொத்தமும் 6 மி.மீ.யில் இறங்குவதால் பத்தே இழுப்பில் கோணலாகிவிடும், தண்ணீர்க் கல்லில் கோடு கிழித்துக் குழியும் போட்டுவிடும். அழுத்தாமல், கல்லின் ஓரம் முதல் ஓரம் வரை இடம் மாற்றி மாற்றித் தீட்டிப் பார்த்தேன். விசிட்டிங் கார்டு வைத்தேன். பிடிக்கட்டைக்கு அடியில் இரண்டு பக்கமும் அதே தடிமனில் முட்டுக்கட்டை கொடுத்தேன், அது ஓரளவு உதவியது. ஆனால் அந்த உளியின் தடிமன் 6 மி.மீ.க்கு அருகில் இருந்ததால் 25 டிகிரிச் சரிவே 13 மி.மீ. அகலம். அவ்வளவு அகலமான சரிவு கல்லில் தானாகவே படிந்து உட்காரும். ஆள்காட்டி விரலை முனைக்கு மேல் வைத்தால் ஆடுகிறதா இல்லையா என்று கைக்கே தெரிகிறது. அந்த ஒரு உளியை மட்டும் இப்போது ஜிக்கில் பூட்டுவதில்லை, கையால்தான் தீட்டுகிறேன்.